இரும்பு இருந்தது, இரத்தம் இல்லை

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் இப்போது இருக்கிற பிள்ளைகள் சில நேரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். அவர்களிடம் ஒரு மெஷின் இருக்கிறது. துளி இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு, காபி ஆறுவதற்குள் ஒரு தாள் நிறையக் கணக்கைத் துப்பிவிடும். "இது இல்லாம எப்படி மேடம் ஹீமோகுளோபின் பாத்தீங்க?" என்று கேட்பார்கள். "கண்ணால பாத்தேன்" என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். நிஜமாகவே கண்ணால்தான் பார்த்தோம். அதை எழுதிக் கொடுங்கள் என்று அவர்களில் ஒருத்தி விடாமல் நச்சரித்ததால் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு, விடுதிச் சாம்பார், கையை விட்டுப் போகாத ஃபார்மலின் வாடை. முடித்ததும் எழுபதுகளின் நடுவில் போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், தண்ணீர் காய்ச்சி வடிக்கிற ஒரு கண்ணாடிக் குடுவை, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். இவ்வளவுதான் லேப்.

அந்த ஜன்னல் முக்கியம். ஹீமோகுளோபின் பார்ப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு சின்ன டப்பா. அதன் இரண்டு பக்கமும் பழுப்புக் கண்ணாடி பதித்திருக்கும். நடுவில் கோடு போட்ட ஒரு குழாய். குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த அமிலம் விட வேண்டும். விரல் நுனியில் குத்தி, தானாக ஊறி வருகிற இரத்தத்தை மெல்லிய குழலில் கோடு வரை உறிஞ்ச வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் உடம்பு நீரும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுத்துவிடும். குழல் நுனியைத் துடைத்துவிட்டு, இரத்தத்தை அமிலத்துக்குள் ஊதி, நிறம் பழுப்பாக மாறும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாக வடித்த தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பக்கத்துக் கண்ணாடியோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நிறமும் ஒன்றாகிற இடத்தில் கோட்டைப் படித்தால் அதுதான் ஹீமோகுளோபின். ஒரு சொட்டு கூடிவிட்டால் மறுபடி விரலில் குத்த வேண்டியதுதான். நோயாளி முறைப்பார். எனக்கு அதெல்லாம் பழகிப்போய்விட்டது.

ஆஸ்பத்திரியை நடத்தியவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். சின்ன டாக்டர் என்று அங்கே யாரும் கிடையாது. மைக்ராஸ்கோப்பை அவர் நின்றுகொண்டேதான் பார்ப்பார். ஸ்லைடைப் பார்த்து முடிக்கும் வரை நோயாளியின் கதையைச் சொல்ல விட மாட்டார். "கதையக் கேட்டா கண்ணு அதுக்கு ஏத்தாப்புல பாக்கும்மா. மொதல்ல கண்ணாடி" என்பார். நான் ஏதாவது முடிவு சொன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பாத்தியா, நெனச்சியா?" நினைத்தேன் என்றால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். சேர்ந்த புதிதில் அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவரிடம் கோபமோ பாராட்டோ கிடையாது. சம்பளம் மட்டும் தவறாமல் கிடைக்கும்.

எங்களுக்கு வருகிற இரத்தசோகையில் பாதிக்கு மேல் மலையிலிருந்து இறங்கி வந்தது. ஏலத்தோட்டத்தில் எப்போதும் நிழல், எப்போதும் ஈரம். காட்டிலேயே ஒதுங்குவார்கள், வெறுங்காலோடு அதே மண்ணில் களை எடுப்பார்கள். கொக்கிப்புழு பாதத்தைத் துளைத்துக்கொண்டு ஏறிக் குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். மலத்தில் முட்டை தெரியும். புழுவுக்கு மருந்து, இரத்தத்துக்கு இரும்பு மாத்திரை. சில மாதத்தில் முகம் தெளிந்து மறுபடி மலையேறிவிடுவார்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் இருந்தோம்.

சின்னத்தாய் வந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறந்த ஊர் மலையோரக் குரங்கணி. அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. கட்டிக்கொடுத்தது ராசிங்காபுரத்தில், நிலபுலன் உள்ள ஒரு வீட்டில். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. ஆள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தாள். மாடியில் இருந்த லேபுக்கு ஏறி வந்தவள் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் குழாயில் ஆறு கிராமுக்குச் சற்று மேல் வந்தது. பன்னிரண்டு கிராமாவது இருக்க வேண்டிய வயது.

மலத்தில் புழு இல்லை. ஸ்லைடில் சிவப்பணுக்கள் சிறிசாக, நடுவில் வெளுத்து இருந்தன. இரும்புப் பற்றாக்குறை என்று அதைப் பார்த்தாலே சொல்லலாம். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதம் வந்தாள். அதே ஆறு. மாத்திரையைக் கூட்டினார். அதற்கடுத்த முறையும் ஆறுதான். கூட வந்த மாமியார் காமாட்சியம்மாள் டாக்டரிடம் நேராகவே சொன்னார்.

"இவ மாத்திரைய முழுங்குறதில்ல டாக்டரய்யா. எங்கயாச்சும் தூக்கி எறிஞ்சிருவா. சோலி சொன்னா வயித்தப் புடிச்சுக்கிட்டுப் படுத்துக்கிருவா. புள்ள பெத்துக்கிற ஆசை இருந்தாத்தான மருந்து சாப்புடுவா?"

டாக்டரும் அதை நம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரையை வீசி எறிகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்தோம். அது வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும், பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். "ஒழுங்கா முழுங்குனாத்தான்மா ஏறும்" என்று சின்னத்தாயிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சின்னத்தாய் அன்று லேபில் என்னிடம் மெதுவாகப் பேசினாள். "நான் ஒண்ணு விடாம முழுங்குறேன்க்கா. யாரும் நம்ப மாட்டேங்குறாக. அறுப்பு முடியிறதுக்குள்ள ஒடம்பு தேறலைன்னா அவுகளுக்கு வேற பொண்ணு பாக்கப் போறாகளாம். எங்க அத்தை எங்கிட்டயே சொல்லிருச்சு."

அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னாள். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரத்தைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தால், பார்த்தியா நெனச்சியா என்பார். அதனால் பார்த்தேன். அவள் அன்று காலையில் கொடுத்திருந்த மலப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். தார் மாதிரி கறுப்பு. இரத்தம் கசிந்தாலும் கறுக்கும் என்பதால் அதற்கான பரிசோதனையையும் செய்தேன். இரத்தம் இல்லை. இரும்பு சாப்பிடாதவர்களுக்கு அந்தக் கறுப்பு வராது.

பாட்டிலோடு கீழே போய், "இவ மாத்திரை முழுங்குறா சார். பாத்துட்டேன்" என்றேன். அவர் பாட்டிலையும் என்னையும் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப முழுங்குன இரும்பு எங்க போகுது?"

அன்று மத்தியானம் அவர் எனக்குச் சொன்னதைத்தான் பிறகு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன். "இரும்பு இரத்தத்துல தனியா நடந்து போகாது தனம். தனியா விட்டா போற எடமெல்லாம் சேதம் பண்ணும். அதுக்குன்னு ஒரு புரதம் இருக்கு, நம்ம ஜீப்பு மாதிரி. ஆனா குரங்கணி ஜீப்பு கணக்கா ஊரையே தொங்கவிட்டுக்கிட்டுப் போகாது. ஒரு வண்டிக்கு ரெண்டே ரெண்டு இரும்பு அணு. குடல்ல ஏத்தி, எலும்பு மஜ்ஜையில எறக்கிட்டு, காலி வண்டி திரும்பிரும். மிச்சம் மீதிய மஜ்ஜையிலயும் கல்லீரல்லயும் மூடி வச்சுக்கிரும். பழைய சிவப்பணு செத்தா அதுல இருக்க இரும்பயும் பொறுக்கிக்கிரும். உடம்பு இரும்ப லேசுல வெளிய விடாது. அதனால இவ மஜ்ஜையத்தான் பாக்கணும்."

மஜ்ஜை எடுப்பது சின்ன விஷயம் இல்லை. இடுப்பு எலும்பில் மரத்துப்போகிற ஊசி போட்டாலும், தடித்த ஊசியால் உள்ளிருந்து உறிஞ்சும்போது ஒரு நொடி உயிர் போய் வரும். சின்னத்தாய் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். டாக்டர் உறிஞ்சிய கையோடு நான் ஸ்லைடில் தேய்த்துக் காய வைத்தேன்.

இரும்பைக் காட்டுகிற சாயம் ஒன்று உண்டு. பொட்டாசியம் பெர்ரோசயனைடையும் அமிலத்தையும் அப்போதைக்கு அப்போதே கலந்து ஸ்லைடை அதில் வைத்தால், இரும்பு இருக்கிற இடமெல்லாம் நீலமாகும். இதில் ஒரு தொல்லை. தண்ணீரில் இருக்கிற இரும்பும் நீலமாகும். எங்கள் போர் தண்ணீர் பிடித்த வாளியின் அடியில் காவி படிந்திருக்கும். அதனால் கண்ணாடிச் சாமானையெல்லாம் அமிலத்தில் ஊற வைத்து, வடித்த தண்ணீரில் அலசி, அதன் பிறகு சாயம் கலந்தேன். கூடவே, இரும்பே இல்லாத வேறொரு நோயாளியின் பழைய மஜ்ஜை ஸ்லைடு ஒன்றையும் அதே சாயத்தில் வைத்தேன். அதில் நீலம் வந்தால் என் தண்ணீர் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

பழைய ஸ்லைடில் நீலம் இல்லை. சின்னத்தாயின் ஸ்லைடில் எங்கே திருப்பினாலும் நீலம். வளர்ந்துகொண்டிருக்கிற இளம் அணுக்களுக்குள் உட்கருவைச் சுற்றி நீலப் பொட்டுகள் மாலை போட்ட மாதிரி இருந்தன. பஞ்சம் என்று நினைத்துப் போன வீட்டில் குதிர் நிறைய நெல். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டர் நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். "மாத்திரையும் முழுங்கியிருக்கா. வண்டியும் ஓடியிருக்கு. லோடும் எறங்கியிருக்கு. சமைக்கத்தான் ஆள் இல்ல" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் வளையம் ஒன்று வரைந்து நடுவில் புள்ளி வைத்தார். "மஜ்ஜையில இந்த வளையத்தப் படிப்படியா செய்வாங்க. கடைசிப் படியில நடுவுல இரும்பப் பொருத்துனாத்தான் ஹீம். அது நாலும் குளோபின் புரதமும் சேந்தாத்தான் ஹீமோகுளோபின். ஒவ்வொரு படிக்கும் ஒரு என்சைம் இருக்கு. அதுல ஏதோ கையக் கட்டிப் போட்டிருக்கு."

"எது சார்?"

"விரல்ல குத்திப் புது ஸ்லைடு போடு. பாட்டில் இரத்தம் வேணாம்."

அதுவரை நான் ஸ்லைடு போட்டதெல்லாம், உறையாமல் இருக்க மருந்து கலந்த பாட்டிலில் எடுத்து வைத்த இரத்தத்தில். விரல் இரத்தத்தில் போட்ட ஸ்லைடில் புதிதாக ஒன்று தெரிந்தது. சிவப்பணுக்களுக்குள் நீலக் கறுப்பில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், ரவை தூவினது போல. சாய அழுக்காக இருக்குமோ என்று சாயத்தைப் புதிதாக வடிகட்டி இன்னொன்று போட்டேன். அழுக்கு என்றால் அணுவுக்கு வெளியிலும் கிடக்கும். இவை அணுவுக்குள் மட்டும்தான் இருந்தன. பாட்டில் மருந்து அந்தப் புள்ளிகளைக் கரைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் அதைப் பார்த்ததும் சின்னத்தாயை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, உதட்டைக் கீழே இழுத்துக் காட்டச் சொன்னார். பல்லும் ஈறும் சேருகிற விளிம்பில் ஒரு கருநீலக் கோடு, மையால் இழுத்த மாதிரி.

"காரீயம்" என்றார். "உடம்புக்குள்ள காரீயம் போயிருக்கு. வளையம் செய்ய விடாம, இரும்பப் பொருத்த விடாமப் பண்றது அதுதான். அந்த வயித்துவலியும் நடிப்பு இல்ல. கரு தங்காததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்."

சின்னத்தாய் உதட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வயிற்றுவலி நடிப்பு இல்லை என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்கு எட்டியது என்று நினைக்கிறேன்.

எப்படிப் போனது என்பதுதான் அடுத்த கேள்வி. காமாட்சியம்மாளையும் மகன் முத்துவேலையும் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். பெயிண்ட் வேலை உண்டா, பழைய பேட்டரி ஏதும் உடைக்கிறார்களா, கரு தங்க நாட்டு மருந்து, செந்தூரம் ஏதும் கொடுத்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு உடம்புக்கு ஏதாவது? யாருக்கும் ஒன்றும் இல்லை. முத்துவேலுக்கும் காமாட்சியம்மாளுக்கும் விரலில் குத்திப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி. டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுல யாரு மொதல்ல சாப்பிடுவீங்கம்மா?"

"இதென்ன கேள்வி? ஆம்பளையாளுக்குப் போடுவோம். தோட்டத்துக்குக் கஞ்சியும் கொழம்பும் போகும். அப்புறம் நான். மிச்சத்த இவ."

"மிச்சம்னா?"

"கொண்டான்ல கெடக்குற கொழம்புதான். சுண்ட வச்சா மறுநாளைக்கும் ஆகும். காலையில பழைய சோத்துக்கு அதத்தான் வழிச்சு ஊத்திக்கிருவா. நானும் மருமகளா வந்து அப்புடித்தான் தின்னேன். எனக்கொண்ணும் ஆகல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் வழக்கம் அதுதான். என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள்.

"கொண்டான்னா கொழம்பு வைக்கிற குண்டானா? பித்தளையா?"

"ஆமா. இவ சீருக்கு வந்த பித்தளைக் கொண்டான். முன்னாடி எங்க மாமியா கொண்டான் இருந்துச்சு. அது சிறுசு."

வீட்டில் குழம்பு வைக்கிற பாத்திரம் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் முத்துவேல் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். பழைய குண்டான், ஒரு மண்சட்டி, சீர்க் குண்டான். சீர்க் குண்டானின் கழுத்தில் சின்னத்தாயின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். பித்தளையில் புளி நேராகப் பட்டால் களிம்பேறும் என்று உள்ளே ஈயம் பூசுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பூச வேண்டியது வெள்ளீயம். அதற்கு விலை அதிகம். அதில் காரீயத்தைக் கலந்துவிட்டால் செலவு குறையும், பார்க்க வித்தியாசமும் தெரியாது.

நான் பஞ்சில் அசிட்டிக் அமிலம் நனைத்து ஒவ்வொரு பாத்திரத்தின் உள்பக்கத்திலும் தேய்த்தேன். பஞ்சின் மேல் பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு சொட்டு. முதலில் ஒரு காரீயத் துண்டில் செய்து காட்டினேன், பஞ்சு மஞ்சளானது. மண்சட்டியில் ஒன்றும் இல்லை. மாமியாரின் பழைய குண்டானில் ஒன்றும் இல்லை. சீர்க் குண்டானில் தேய்த்த பஞ்சு மஞ்சள் அரைத்த கை மாதிரி ஆயிற்று.

டாக்டர் விளக்கினார். அப்போதைக்கு அப்போது ஊற்றி எடுத்த குழம்பில் காரீயம் கொஞ்சம்தான் இறங்கும். ராத்திரி முழுக்கப் புளியோடு கிடந்து, மறுபடி சுண்டி, அடியோடு வழித்தது சின்னத்தாய்க்கு மட்டும். அதனால்தான் மாமியாருக்குச் சில புள்ளி, அவளுக்கு இவ்வளவு.

"அந்தக் கொண்டானுக்கு எங்க ஈயம் பூசுனீங்க?"

சின்னத்தாய்தான் பதில் சொன்னாள். "வருசா வருசம் பொங்கலுக்குப் போறப்ப கொண்டு போவேன் டாக்டரய்யா. எங்க அப்பா தெருவுல வர்ற ஆள்கிட்டப் பூசிக் குடுத்து விடுவாக."

காமாட்சியம்மாள் மஞ்சள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம் திரும்பினார். "அப்ப இது அவ அப்பன் வீட்டு வெசம். நம்ம வீட்டுல ஒரு கொறையும் இல்ல. வெரசா இதக் கட்டு. இன்னிக்கே குரங்கணிக்குக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்துரு."

முத்துவேல் சாக்கை எடுத்தார்.

இதன் அர்த்தம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், பெண்ணும் பின்னாலேயே திரும்ப வேண்டியதுதான். பஞ்சாயத்தில் உறவைத் தீர்த்துவிடுகிறபோது முதலில் எண்ணி வைப்பது பாத்திரத்தைத்தான். வேறு பெண் பார்க்க அவர்கள் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நாங்களே, வடித்த தண்ணீரில் கழுவி, சுத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டோம். சின்னத்தாய் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளுப்பதற்கு அவள் முகத்தில் இனி இடமில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"அதக் கொண்டுபோக முடியாதேம்மா" என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டரய்யா?"

"இவ இரத்தத்துல நாங்க பாத்ததுக்கு அதுதான் சாட்சி. மதுரைக்கு அனுப்பி ஊசி போடணும். அவங்க கேட்டா நான் காட்டணும். வைத்தியம் முடியிற வரைக்கும் பாத்திரம் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும், அது சட்டம்."

"எப்ப முடியும்?"

"நான் சொல்றேன்."

அப்படி ஒரு சட்டம் கிடையாது. மதுரையில் யாரும் பாத்திரத்தைக் கேட்க மாட்டார்கள். பாத்தியா, நெனச்சியா என்று என்னை வருடக்கணக்காக வறுத்தெடுத்த மனிதர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் பொய் சொன்னார். காமாட்சியம்மாளுக்கும் நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் டாக்டர் சொல்கிறார், சட்டம் என்கிறார். ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டால் அது சீர் திரும்பினதாக ஆகாது. முத்துவேல் கட்டின சாக்கை அவிழ்த்துக் குண்டானை என் மேசையில் வைத்தார். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அம்மாவின் சொல்லைத் தட்டாமலே மனைவியை வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்ததில் அவருக்கும் நிம்மதிதான் போல.

அந்த வாரமே சின்னத்தாயின் அப்பா ஜீப்பில் இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர். லேபில் குண்டானைப் பார்த்ததும் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"பளபளன்னு இருக்கணும்னுதான் ஆத்தா வருசா வருசம் பூசுனேன்" என்றார் என்னிடம். "மக போற வீட்டுல நம்ம பாத்திரம் மங்கிக் கெடக்கக் கூடாதுன்னு."

உங்கள் மேல் தப்பில்லை அண்ணே என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஈயம் பூசின ஆளைத் தேடிப் போடித் தெருவெல்லாம் அலைந்தார், ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மதுரையில் சின்னத்தாய்க்கு ஊசி போட்டார்கள். இரத்தத்தில் இருக்கிற காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடுகிற மருந்து அது. டாக்டர் இரும்பு மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். உள்ளே குவிந்து கிடப்பதே போதும் என்றார். அதன் பிறகு நடந்ததைத்தான் இப்போதைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். மாத்திரை தின்றபோது அசையாத ஹீமோகுளோபின், மாத்திரையை நிறுத்தின பிறகு ஏறத் தொடங்கியது. மஜ்ஜையில் கைகட்டு அவிழ்ந்துவிட்டது. மாதம் ஒரு முறை அவள் விரலைக் குத்திக் குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கும்போது, நிறம் ஒத்துப்போக ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. என் உத்தியோகத்தில் நான் சந்தோஷமாகச் சொட்டு விட்டது அந்தக் குழாயில்தான்.

அறுப்பு முடிந்தது. பெண் பார்க்கிற பேச்சு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டாக்டர் அந்தக் குடும்பத்தை அதற்கப்புறம் விசாரித்ததே இல்லை. குண்டானைத் திருப்பிக் கொடுப்பது பற்றியும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மறு வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் லேப் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. கன்னத்தில் சதை வைத்திருந்தது. சின்னத்தாய் என்று எனக்கு உடனே தெரியவில்லை. ஆறு மாதம் என்றாள். இந்தத் தடவை தங்கிவிட்டது. விரலைத் தானாகவே நீட்டினாள். குழாய் பதினொன்றைத் தொட்டது. ஈறைக் காட்டச் சொன்னேன். கோடு இல்லை.

"இப்ப எதுல கொழம்பு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மண்சட்டிதான்க்கா. எங்க அத்தை பித்தளைப் பக்கமே போறதில்ல. எவர்சில்வரக் கண்டாலும் பயம்."

எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. "இன்னமும் மிச்சத்தத்தான் திங்கிறியா?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இல்லக்கா. இப்ப வீட்டுல மொதப் பந்தி நான்தான். கொழம்பு எறக்குனதும் எங்க அத்தை எனக்குத்தான் மொதல்ல ஊத்துது. நான் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் எதுக்க உக்காந்து என் மொகத்தையே பாக்குது. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்ச பெறகுதான் மகனுக்குப் போடும். அதுக்கப்புறந்தான் அதும் சாப்புடும்."

குழாயைக் கழுவுவது போலத் திரும்பிக்கொண்டேன். ஆறு மாதக் கர்ப்பிணியை வைத்து விஷம் பார்க்கிறார்களே என்று எனக்கு உள்ளே கொதித்தது. அவளிடம் அதைச் சொல்லவும் சொன்னேன்.

"எதுக்காக இருந்தா என்னக்கா" என்றாள் சின்னத்தாய், விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே. "மூணு வருசத்துக்கப்புறம் சூடாச் சாப்புடுறேன்."